தரவு கேட்டு ஒரு விண்ணப்பம்

குறுவள மையக் கூட்டமொன்றில் வளரிளம் பெண்களின் இரத்தசோகை பற்றிப் பேச்சு வந்தது. தேசிய குடும்ப நல ஆய்வின் மூலத் தரவை முறையாக விண்ணப்பித்து வாங்கியிருக்கிறேன் என்று அங்கே சொன்னேன். அதற்குப் பிறகு நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளை மாறிமாறிக் கேட்கிறார்கள். "அந்தக் கோப்பை எங்களுக்கும் அனுப்புவீர்களா சார்?" என்பது ஒன்று. "அரசு நடத்திய கணக்கெடுப்புதானே, அதைப் பார்க்க எதற்கு அனுமதி?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 'முடியாது' என்பதுதான் பதில். ஏன் முடியாது என்பது இரண்டாம் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

இந்த ஆய்வை மத்திய சுகாதாரம் மற்றும் குடும்ப நல அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. முதல் சுற்று 1992-93இல் நடந்தது. ஐந்தாம் சுற்று 2019-21இல், கொரோனா காலத்தில் இடையில் நின்று மீண்டும் தொடர்ந்து, 707 மாவட்டங்களில் நடந்தது. 6,36,699 குடும்பங்களையும் அவற்றில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட 7,24,115 பெண்களையும் சந்தித்துத் தகவல் திரட்டினார்கள். 15-19 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் நான்காம் சுற்றில் 54.1 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 59.1 சதவீதம் என்று நாம் படிக்கும் செய்தி இங்கிருந்து வருவதுதான்.

அப்படிப்பட்ட சதவீதங்கள் மட்டும் போதுமென்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாடு, மாநிலம், மாவட்டம் என ஒவ்வொன்றுக்கும் சுருக்க அறிக்கை இணையத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்தின் பக்கங்களை அச்செடுத்து வகுப்பறையில் ஒட்டிவிடலாம். ஆசிரியர்களின் தேவையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. அறிக்கையில் இல்லாத கேள்வி ஒன்று நமக்கு எழும்போதுதான் சிக்கல். எனக்கு எழுந்த கேள்வி இது: 15 முதல் 17 வயதுப் பெண்களில், பள்ளியில் தொடர்பவர்களுக்கும் இடைநின்றவர்களுக்கும் இரத்தசோகையில் வேறுபாடு உண்டா? குடும்பப் பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நிற்கிறதா? இதற்குச் சதவீத அட்டவணை உதவாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசை என்று அமைந்த மூலக் கோப்பு வேண்டும். அதுதான் பாதுகாக்கப்பட்ட தரவு. பகுதிநேர ஆய்வுப் படிப்புக்காக 2023இல் அதற்கு விண்ணப்பித்தேன்.

அந்தக் கோப்பில் பெயர் இல்லை, முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. பிறகென்ன ரகசியம் என்று தோன்றும். இதற்குப் பொது சுகாதார வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் அமைப்பு, அவர்களது மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. பெயர் இல்லாததால் அந்தரங்கம் பத்திரம் என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி கூறினார். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருந்தவை பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும்தான். ஆளுநர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் மூவர் ஆண்கள். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு கைக்கு வந்துவிட்டது.

வகுப்பறைக் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். கணித ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மற்றவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்காவது ஒரே நாளில் பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்குமேல் என்று நிகழ்தகவு பாடத்தில் வியப்பாகச் சொல்வோம். அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 38 பேர் உள்ள வகுப்பில், தன் பிறந்தநாளை வேறு எவரோடும் பகிராதவர்கள் சராசரியாக 34 பேர். அதாவது ஆண்டைக்கூடச் சொல்லாமல் நாளையும் மாதத்தையும் மட்டும் சொன்னாலே வகுப்பில் பெரும்பாலோர் யார் என்று தெரிந்துவிடும். ஊர், வயது, படிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்ற விவரங்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

குடும்ப நல ஆய்வில் ஒரு தொகுப்பு என்பது ஒரு கிராமமோ, கிராமத்தின் ஒரு பகுதியோ, நகரத்தின் ஒரு சிறு பகுதியோ. அதிலிருந்து 22 வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த ஊர் என்று தெரிந்துவிட்டால், 22 வீடுகளில் 17 வயதில் படிப்பை நிறுத்திய பெண் யார் என்று அந்த ஊர்க்காரருக்குச் சொல்லத் தெரியும். அந்தப் பெண்ணின் வரிசையில் இருப்பது இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு மட்டுமென்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். அதே ஆய்வில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கேள்விகள் உண்டு. கணவர் அடித்தாரா என்ற கேள்வியும் உண்டு. அந்தப் பகுதியை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், பக்கத்தில் வேறு யாரும் இல்லாத தனிமை கிடைத்தால்தான் கேட்பார்கள், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். அத்தனை கவனத்தோடு வாங்கிய பதிலை நாம் கணினியில் திறந்துவைக்கிறோம். அனுமதி எதற்கு என்று கேட்ட அறிவியல் ஆசிரியையிடம் இதைச் சொன்னதும், "அப்ப இன்னும் கடுமையாவே கேட்கலாம் சார்" என்றார்.

இடத்தை மறைப்பதற்குக் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தொகுப்புகளின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரம் தனிக் கோப்பாக இருக்கிறது. அதில் உள்ளது உண்மையான புள்ளி அல்ல. நகரப் பகுதி என்றால் 2 கி.மீ. வரை, கிராமம் என்றால் 5 கி.மீ. வரை, ஏதோ ஒரு திசையில் தாறுமாறாக நகர்த்தி வைத்திருப்பார்கள். கிராமப் புள்ளிகளில் நூற்றுக்கு ஒன்றை 10 கி.மீ. வரையிலும் நகர்த்துவார்கள், எது அந்த ஒன்று என்று யாருக்கும் தெரியாது. 5 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர கி.மீ. அதற்குள் எத்தனை ஊர்கள் வரும் என்று நம் ஒன்றிய வரைபடத்தில் மாணவர்களை வட்டம் வரையச் சொல்லிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பொருத்தமான செயல்பாடு.

இனி விண்ணப்பம். இந்திய ஆய்வின் மூலக் கோப்புகள், பல நாடுகளின் இத்தகைய ஆய்வுகளை ஒருங்கிணைக்கும் டி.எச்.எஸ். திட்டத்தின் இணையதளம் வழியாகக் கிடைக்கின்றன. கட்டணம் இல்லை. பெயர், மின்னஞ்சல், நிறுவனம், ஆய்வுத் தலைப்பு, உடன் பணிபுரிவோர் பெயர், எந்த நாட்டின் எந்தச் சுற்று என்பனவற்றை நிரப்ப வேண்டும். இவையெல்லாம் ஐந்து நிமிட வேலை. நேரம் பிடிப்பது ஆய்வைப் பற்றி விவரிக்கும் பெட்டிதான். என் அனுபவத்தில் விண்ணப்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

"தமிழ்நாட்டுப் பெண் குழந்தைகளின் உடல்நலம் பற்றி ஆராய விரும்புகிறேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. எந்த வயதினர், எந்த மாறிகள், எதை எதோடு ஒப்பிடப் போகிறோம், எந்த முறையில், முடிவு எங்கே போகும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். நான் எழுதியதன் சாரம் இது: ஐந்தாம் சுற்றின் வீட்டு உறுப்பினர் கோப்பிலிருந்து 15-17 வயதுப் பெண்கள், பள்ளி வருகை, ஹீமோகுளோபின் அளவு, குடும்பச் செல்வக் குறியீடு, வசிப்பிடம் ஆகிய மாறிகள், லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு ஆய்வு, முடிவு ஆய்வேட்டில் இடம்பெறும். பெரிய சொற்கள் எதுவும் தேவைப்படவில்லை. இட விவரக் கோப்பை நான் கேட்கவில்லை, என் கேள்விக்கு அது தேவையில்லை. அதற்கும் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளுக்கும் தனியே காரணம் எழுதிக் கேட்க வேண்டும். தேவையில்லாததைக் கேட்காதிருப்பதே விண்ணப்பத்தின் மேல் நம்பிக்கை வரச் செய்யும் என்று நினைக்கிறேன். எனக்கு இரண்டாம் நாளே அனுமதி வந்தது. அந்த ஆய்வின் முடிவு இப்போது பல்கலைக்கழகத்தின் பரிசீலனையில் இருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

அனுமதியோடு நிபந்தனைகளும் வருகின்றன. விண்ணப்பத்தில் சொன்ன ஆய்வுக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம். வேறு கேள்வி எழுந்தால் மீண்டும் கேட்க வேண்டும். எந்த வீட்டையும் எந்த நபரையும் அடையாளம் காண முயலக்கூடாது. கோப்பைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது. தரவைக் கொண்டு எழுதியதன் பிரதியை அனுப்ப வேண்டும். நண்பர்களுக்குக் கோப்பை அனுப்ப முடியாது என்று நான் சொன்னதன் காரணம் இந்த மூன்றாம் நிபந்தனைதான். பென் டிரைவில் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும், ஹைடெக் லேப் கணினிகளில் போட்டு மாணவர்களுக்குக் காட்டலாமே என்றாலும் பதில் அதுவே. நாம் கணக்கிட்டு எடுத்த அட்டவணையை, வரைபடத்தைத் தாராளமாகக் காட்டலாம்.

மாணவர்கள் கையில் கோப்பே வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அதே இணையதளத்தில் பயிற்சிக்கென்றே உருவாக்கிய மாதிரித் தரவுக் கோப்புகள் உள்ளன. அவை எந்த நாட்டையும் குறிப்பவை அல்ல. ஆனால் அமைப்பு அசலைப் போலவே இருக்கும். அனுமதி கேட்காமலே பதிவிறக்கலாம். பதினொன்றாம் வகுப்புக்கு அதுவே போதும். நாமும் அசல் கோப்புக்குப் போவதற்கு முன் அதில் கைபழகிக்கொள்வது நல்லது.

குறிப்பாக எடைக் காரணியைப் பழக வேண்டும். சிறிய மாநிலத்திலும் பெரிய மாநிலத்திலும் ஒரே விகிதத்தில் வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எடை கொடுத்திருப்பார்கள். கோப்பில் அது தசமப் புள்ளி இல்லாமல் இருக்கும்; 10 லட்சத்தால் வகுத்த பிறகே பயன்படுத்த வேண்டும். அசல் கோப்பு கைக்கு வந்ததும் முதல் வேலை, ஏற்கெனவே அறிக்கையில் அச்சாகியுள்ள ஏதாவது ஒரு சதவீதத்தை நாமே கணக்கிட்டு வரவழைப்பது. அந்த எண் வராதவரை புதிய கேள்விக்குப் போகக்கூடாது.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது, அந்த நிதியில் நடந்துவந்த டி.எச்.எஸ். திட்டமும் முடங்கியது, புதிய விண்ணப்பங்களைக் கவனிக்க ஆளில்லாத நிலை ஏற்பட்டது. நம் நாட்டுப் பெண்கள் கொடுத்த பதில்களைப் பார்க்க வேறொரு நாட்டின் நிதியை நம்பியிருந்தோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இணையதளத்தில் இன்றைய நிலவரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே விஷயத்துக்கு நம் பள்ளியிலேயே இன்னொரு பக்கம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு நம் பள்ளிக்கு வருகிறது. பிறவிக் குறைபாடு, நோய், ஊட்டச்சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையில் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. உயரம், எடை, இரத்த வகை விவரங்களை நாமே எமிஸ் தளத்தில் பதிகிறோம். இவை பெயரோடு உள்ள தரவு. மாவட்ட எல்லைக்குள் புள்ளியை 5 கி.மீ. நகர்த்தி மறைக்கும் அளவுக்கு அங்கே கவனம். இங்கே பரிந்துரைக்கப்பட்ட மாணவிகளின் பட்டியல் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மாத்திரை வாங்க வரிசையில் நிற்கவில்லை.

இந்தப் பதிவுகளை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நமக்குப் பார்க்கும் உரிமை இருப்பது பணிக்காக, ஆய்வுக்காக அல்ல. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பொதுவாகப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. ஆகவே துறையின் அனுமதி, ஆய்வு நடக்கும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல், பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம், பிள்ளையின் விருப்பம் ஆகியவற்றைப் பெற்ற பிறகு, பெயரையும் எமிஸ் எண்ணையும் நீக்கிய பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் தாள் ஒன்று இருக்கும் அல்லவா, அதைத் தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆய்வுக் கணினியில் அது இருக்கக்கூடாது.