சந்தேஷ் ஜிங்கன்: பலம் எதுவோ, அதுவே பலவீனம்!

2024 ஜனவரி 23. ஆசியக் கோப்பையில் சிரியாவுடன் ஆடும்போது முழங்காலில் அடிபட்டு வெளியேறினார் இந்திய சென்டர் பேக் சந்தேஷ் ஜிங்கன். அப்போது அவருக்கு 30 வயது. ஏற்கெனவே முழங்கால் காயத்தால் 2019-20 ஐஎஸ்எல் சீசன் முழுவதையும் இழந்தவர். 'இனி அவ்ளோதான்' என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால், திரும்பி வந்தார். அதே ஆண்டு நவம்பரில் மலேசியாவுக்கு எதிராக மீண்டும் இந்திய ஜெர்சி. 2025 மே மாதம் எஃப்சி கோவா அணியுடன் சூப்பர் கோப்பை. ஆகஸ்டில் தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என இந்தியா வீழ்த்தியபோது, ஒரு கோல் இவருடையது!

அப்படி என்ன பலம்?

உயரம் 6 அடிக்கு மேல். கார்னர், ஃப்ரீ கிக் வந்தால் தலையால் முட்டித் தள்ளுவார். பக்கத்தில் நிற்பவர்களை சத்தம் போட்டே சரியான இடத்தில் நிறுத்துவார். முக்கியமாக, எதிரணி ஸ்ட்ரைக்கர் பந்தை வாங்கித் திரும்பும் வரை காத்திருக்க மாட்டார்; முன்னேறிப் போய் மோதிவிடுவார்.

சிக்கலும் அங்கேதான். அரை நொடி தாமதித்தால் பந்துக்குப் பதில் ஆள் மீது மோதல், ஃபவுல், மஞ்சள் அட்டை. அவர் விட்டுவந்த இடமும் காலி. பின்னால் ஓடிப் பிடிக்கும் அளவுக்கு வேகம் அவரிடம் எப்போதுமே இருந்ததில்லை.

2025 அக்டோபர் 9, சிங்கப்பூர். இடைவேளை முடிந்த சில நிமிடங்களில் இரண்டாவது மஞ்சள், அதாவது சிவப்பு அட்டை! 10 பேருடன் போராடிய இந்தியாவை 90-வது நிமிட கோலால் காப்பாற்றினார் ரஹீம் அலி. ஆட்டம் 1-1 டிரா. ஐந்தே நாளில் கோவாவில் மறு ஆட்டம். தடை காரணமாக ஜிங்கன் இல்லை. 1-2 எனத் தோற்ற இந்தியாவின் 2027 ஆசியக் கோப்பை கனவும் அன்றே முடிந்தது.