பழைய செல்போனை விற்காதீங்க... வீட்டில் அதற்கு வேலை இருக்கு!

உங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பழைய கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, காது உடைந்த மூக்குக்கண்ணாடி... இதற்கெல்லாம் நடுவில் இரண்டு மூன்று செல்போன்கள் தூங்கிக்கொண்டிருக்குமே! 1995-ம் வருடம் ஜூலை 31-ம் தேதி கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லிக்குப் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அப்போதெல்லாம் வருகிற போனை எடுத்தால்கூடக் காசு! இன்றைக்கு பழைய போனை பர்மா பஜாரில் நீட்டினால் டீக்காசுக்குக் கேட்கிறார்கள். கொடுக்காதீங்க. வைத்தியன் சொல்கிறேன், அதை வைத்து ஒரு காலையே காப்பாற்றலாம்.

காலையா? ஆமாம், காலைத்தான்!

எங்கள் காசிமேடு, ராயபுரம் பக்கம் ஜனங்கள் பாதி நேரம் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். நீரிழிவு பல வருஷம் நீடித்தால் பாதத்தில் நரம்பு மரத்துப்போகும். மீன் முள் குத்தினாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. மீன் ஏலம் விடும் ஓர் அம்மா என்னிடம் மூட்டுவலிக்குத்தான் வந்தார். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னால், பெருவிரலுக்கு அடியில் சீழ் பிடித்த புண்! "எத்தனை நாளாம்மா இது?" என்றேன். "யாருக்குத் தெரியும் டாக்டரே, வலிச்சாத்தானே பார்ப்பேன்?" என்றார். அன்றைக்கே ஸ்டான்லிக்கு அனுப்பினேன். விரல் தப்பியது.

தினமும் உள்ளங்காலைப் பாருங்கள் என்று நாங்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அறுபது வயசுக்கு மேல் குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பது லேசான காரியமா? இதற்குத்தான் பழைய கேமரா போன். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு ஸ்டூலில் காலை நீட்டுங்கள். பாதத்துக்கு எதிரில் போனைச் சாய்த்து வைத்து, பத்து விநாடி டைமர் போட்டு ஒரு படம் எடுங்கள். பிறகு விரலால் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். விரல் இடுக்கையும் விடாதீங்க. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது இருந்தாலும் நேற்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... அந்தப் புண்ணில் பச்சிலை எதையும் நீங்களாக அரைத்து வைத்துக் கட்டாதீர்கள்.

அடுத்தது, ராத்திரி மட்டும் வரும் நோய்கள்.

பாளையங்கோட்டை கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு என்று பாடம் உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும். இதில் மொழியும் நிறமும் நேரத்துக்கு நேரம் மாறும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து வருகிறவர்கள், "ராவெல்லாம் இழுத்துச்சு டாக்டரே, இப்ப பார்த்தா ஒண்ணுமில்ல" என்பார்கள். பகல் பதினொரு மணிக்கு மார்பில் காது வைத்தால் எனக்கு என்ன கேட்கும்? பழைய போனில் இரண்டு நிமிஷம் அந்த இருமலை, இழுப்பைப் பதிவு செய்து கொண்டு வாருங்கள். குறட்டையும் அப்படித்தான். நடுவில் மூச்சு நின்று, திடுக்கென்று திரும்புகிற குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. பதிவைக் கேட்டால் வைத்தியருக்குப் புரிந்துவிடும்.

காணாக்கடியும் ஒரு கண்ணாமூச்சிதான். தடிப்பு தடிப்பாக வரும், ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் மறைந்துவிடும். வந்தவுடன் படம் எடுங்கள். படத்தில் தேதியும் இருக்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தபோது, கையாலேயே அதை அள்ளினார்கள் மீனவர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தோல் எந்தத் தேதியில் எப்படி இருந்தது என்று படம் இருந்தால் வைத்தியத்துக்கும் உதவும், நாளைக்கு ஒரு மனு எழுதவும் உதவும்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் படிக்க கேமராவே பூதக்கண்ணாடி. மருந்து வேளைக்கு அலாரம் வையுங்கள். மணியோசைக்குப் பதில், "பாட்டி, சூரணம் தேன்ல குழைச்சு சாப்பிடு" என்று பேத்தி குரலைப் பதிந்துவைத்தால் பாட்டி மறக்கவே மாட்டார்!

பட்டன் போன் இருக்கிறதா? அது இன்னும் உசத்தி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்தில் எழுந்து தெருவுக்கு ஓடினார்களே... அந்த மாதிரி நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில், சார்ஜோடு, டார்ச்சோடு ஒரு போன் இருக்க வேண்டும். வாசல் பக்கத்தில் மாட்டிவையுங்கள். 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகனுக்குப் போகிற மாதிரி செய்யுங்கள். 108-ஐயும் 112-ஐயும் காகிதத்தில் பெரிதாக எழுதி முதுகில் ஒட்டுங்கள். (மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு ஓடுங்கள். அமோனியா தண்ணீரில் கரையும்.) சிம் போட்டிருந்தால் அவ்வப்போது ஒரு கால் பேசுங்கள், 90 நாள் சும்மா கிடந்தால் எண்ணே போய்விடலாம். பழைய 2ஜி போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவர்கள் வெள்ளியன்றும், சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஞாயிறன்றும் சார்ஜ் போடுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் டவரெல்லாம் படுத்துவிட்டது ஞாபகம் இருக்கா? எஃப்.எம். ரேடியோ உள்ள போனுக்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். இயர்போன் ஒயரைச் சொருகினால் போதும், அதுதான் ஏரியல். அந்த ஒயரைத் தொலைக்காதீங்க.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். விரல் வைத்தால் சர்க்கரை காட்டும், ரத்த அழுத்தம் காட்டும் என்று வரும் ஆப்களை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குத்தாமலே சர்க்கரை காட்டுவதாகச் சொல்லும் வாட்ச், மோதிரங்களை வாங்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2024-ல் எச்சரித்தது. பழசுதானே என்று குழந்தை கையில் கொடுத்து சோறு ஊட்டுவதும் வேண்டாம். இரண்டு வயசு ஆகாத குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது.

கடைசியாக பேட்டரி. போனின் முதுகு உப்பி, மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அதற்கு மேல் எந்த உபயோகமும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அடுப்பங்கரையிலும் தலையணைக்கு அடியிலும் வைக்காதீர்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூர் மேட்டுக்குப் போய், நசுங்கி எரிந்து, அந்தப் புகை காற்றோடு நம் மூக்குக்கே திரும்பி வரும். மின்கழிவு வாங்குகிறவர்களிடமோ, போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் உள்ளே இருக்கிற உங்கள் படங்களையும் நம்பர்களையும் அழித்துவிடுங்கள், உள்ளங்கால் படம் உட்பட!