புளியந்தீவுக் கோட்டையில் நம்மட கதை

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் வாழைச்சேனைப் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போகின்றன. அதில் பிழையில்லை. ஆனால் தெற்கே சுமார் 30 கிலோமீற்றர் தூரத்தில், ஏறாவூரையும் தாண்டிப் போனால், வாவி சூழ்ந்த ஒரு தீவு இருக்கிறது. மட்டக்களப்பு நகரின் நடுவான புளியந்தீவு அது. கச்சேரி அலுவலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அங்கே எத்தனையோ தரம் போயிருப்போம். பார்க்கவென்று போனவர்கள் குறைவு.

சில வருடங்களுக்கு முன் தரம் 10 மாணவர்களை அங்குள்ள கோட்டைக்குக் கூட்டிப் போனேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகையில் ஒரு புள்ளை கேட்டாள்: "சேர், இதுல நம்மட ஆக்கள்ட கதை ஒண்டுமே இல்லையா?" அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் வந்தது. அந்தப் புள்ளைக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கோட்டை கட்டப்பட்டது 1628இல். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1626இல், போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது அவர்களின் தளபதியாக இருந்தவர் கொன்ஸ்தந்தீனு த சா. துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டான். அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மலைநாட்டு மன்னனுக்குக் கடல் வழி வேண்டும்; வணிகமும் பயிர்ச்செய்கையும் தெரிந்த ஆட்களும் வேண்டும். கிழக்குத் துறைகள்தான் அவனுக்கு மிஞ்சியிருந்த வாசல். அந்த வாசலை அடைக்கத்தான் போர்த்துக்கேயர் முதலில் திருகோணமலையிலும் பிறகு புளியந்தீவிலும் கோட்டை எழுப்பினார்கள். அதே த சாதான் இதையும் கட்டுவித்தார். கல்லை அடுக்கியவர்கள் நாமில்லை. ஆனால் யாருடைய போக்குவரத்தை மறிக்க அந்தக் கல் அடுக்கப்பட்டதோ அவர்களில் நம்மட மூத்தவர்களும் இருந்தார்கள்.

இதில் ஒரு கவனம் வேண்டும். 1626ஐ நம்மட தொடக்கமாக எழுதிவிடக் கூடாது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்ற கதை இந்த மண்ணில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வாய்வழியாக வருகிறது. அதற்குச் சாசனம் கேட்டால் காட்டுவது கஷ்டம். ஆனாலும் முன்பிருந்த உறவின் நினைவை அது வைத்திருக்கிறது. 1626 வந்தவர்கள் வெறும் காட்டுக்கு வரவில்லை, இருந்தவர்களோடு சேர்ந்தார்கள் என்பதே என் எண்ணம்.

இனி, போனால் என்ன பார்க்கலாம்? கோட்டமுனை தாண்டிப் பாலம் ஏறினால் தீவு. கோட்டைக்கு நாலு கொத்தளங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. வாசலுக்கு மேலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை இருக்கிறது. 1638 மே மாதம் வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி, இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு இந்தக் கோட்டையைப் பிடித்தார். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை இதுதான். சில நாட்களில் இரு தரப்பும் ஒப்பந்தம் எழுதியதும் மட்டக்களப்பில்தான். 'ஒருவனைத் துரத்த இன்னொருவனைக் கூப்பிட்ட' அந்தக் கதையின் முடிவு நமக்குத் தெரியும். பின்னாளில் ஒல்லாந்தரும் முஸ்லிம்களின் வணிகத்தை நெருக்கி, ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு நீண்ட காலம் கச்சேரி அதற்குள்ளே நடந்தது.

கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் மட்டக்களப்பு வாசல் இருக்கிறது. மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் வந்திறங்கியதை நினைவுகூரும் இடம் அது. வந்து ஒரு வருடம்கூட நிறையாமல், 1815இல் அவர் இறந்துபோனார். அந்தச் சிறு காலத்துக்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. பிறருடைய சமயப் பணி என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஒரு பள்ளிக்கூடம் இருநூறு வருடம் நிலைத்து நின்றால் அதைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நமக்கும் படிப்பினைதான்.

காலையில் கோட்டை, பிறகு வாவிக்கரை, நகரத்துப் பள்ளிவாசலில் லுஹர், பின்னேரம் கல்லடிப் பாலம். பாடும் மீன் கேட்காவிட்டாலும் காற்று வாங்கலாம். ஒரு நாள் போதும், செலவும் அதிகமில்லை.

போகுமுன் வீட்டில் வாப்பும்மா, உம்மும்மா யாரும் இருந்தால், நம்மட குடி எது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். "நீங்க எப்ப வந்த ஆக்கள்?" என்று நம்மட புள்ளைகளிடம் யாராவது கேட்கும் காலம் இது. கோட்டை வாசலில் நின்று 1628 என்று சொல்லும்போது, அதற்கு முன்னுள்ள 1626ஐயும் அதற்கும் முந்திய கதையையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.