ஏற்றக்காரரின் கால் கணக்கு

பம்புசெட் வர்றதுக்கு முன்னால திண்டிவனம், விழுப்புரம் பக்கம் ஆழக் கிணற்றில் கவலை. ஆழம் குறைந்த கிணற்றில் ஏற்றம். துலா மேல ஏறி ஓர் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். சால் தானே இறங்கும், ஏறும். எப்படி?

அவர் மேலே ஏறும்போது, குடித்த கூழின் சக்தி நிலை ஆற்றலாகச் சேருகிறது. வங்கி பாஷையில் சொன்னா அது வரவு. துலாவின் வால் பக்கம் நடந்து இறங்கும்போது செலவு. அந்தச் செலவுதான் சாலுக்கு வரவு. 60 கிலோ ஆள் 2 மீட்டர் இறங்கினால் பெருக்குத்தொகை 120. அதை வச்சு 24 லிட்டர் தண்ணீரை 5 மீட்டர் தூக்கலாம். அதுக்கு மேல ஒரு சொட்டும் வராது. உராய்வு வேற கொஞ்சம் பிடிச்சுக்கும்.

1990 முதல் நம்ம பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். பில்தான் வரலை, கணக்கு மாறலை. 10 மீட்டரில் கிடைத்த தண்ணீரை 100 மீட்டர் போரிலிருந்து எடுத்தால் பத்து மடங்கு ஆற்றல் வேணும். அதுக்காக நெய்வேலி மாதிரி இடங்களில் நிலக்கரி எரியுது.

ஏற்றக்காரருக்கு ஒவ்வொரு சாலும் முழங்காலில் தெரியும். வாய்க்காலில் ஒழுக விடமாட்டார். ஸ்விட்சைத் தட்டுற நமக்கு அது தெரியறதில்லை. மூடாக்கு போடுங்க. ஈரம் நின்றால், அத்தனை சால் தண்ணீரை யாரும் தூக்க வேண்டியதில்லை.