கேமராவின் நினைவு எத்தனை நாள்?

கண்காணிப்புக் கேமராக்களை இன்று கடைவீதி, பேருந்து நிலையம், பள்ளி வாயில் என எங்கும் காண்கிறோம். நம் பாப்பாரப்பட்டியும் இதற்கு விலக்கன்று. ஆனால் கேமரா வெறும் கண்தான். கண்டதை நினைவில் வைத்திருப்பது, டி.வி.ஆர். பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க். டிஸ்க் நிறைந்ததும் பழைய காட்சியை அழித்து, அவ்விடத்தில் புதியதைப் பதிந்து கொள்ளும். ஆகவே எத்தனை நாள் காட்சி வேண்டுமோ, அதற்கேற்ற டிஸ்க்கை முன்பே கணக்கிட வேண்டும். நாம் வகுப்பில் கற்ற பெருக்கலே இதற்குப் போதும்.

ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புவதாகக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே நொடிக்கு 0.25 மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். இரண்டையும் பெருக்க, 21,600 மெகாபைட், அதாவது 21.6 ஜிகாபைட். நான்கு கேமராக்களுக்கு நாளொன்றுக்கு 86.4 ஜிகாபைட். 1 டெராபைட் என்பது 1,000 ஜிகாபைட். அது 11 நாட்களுக்குச் சற்று மேல் தாங்கும். 30 நாட்களுக்கு ஏறத்தாழ 2.6 டெராபைட் வேண்டும். படம் தெளிவாக வேண்டுமெனில் இடமும் கூடும். எச்.265 என்னும் சுருக்க முறையோ, பழைய எச்.264 முறைக்கு வேண்டிய இடத்தில் ஏறக்குறையப் பாதியே கொள்ளும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் காவலில் வைக்கப்பட்ட வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் உயிரிழந்தனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், அங்கிருந்த டிஸ்க்கில் 1 டெராபைட் அளவுக்கு இடமிருந்தும், காட்சிகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைத் தம் அறிக்கையில் எழுதினார். உண்மையைச் சொல்ல வேண்டிய காட்சி கிடைக்கவில்லை. இடமிருந்தும் பயனென்ன?

அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, காட்சிகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என்றும், இயலாவிடினும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றும் ஆணையிட்டது. நம் நான்கு கேமராக் கணக்கின்படி ஓராண்டுக்கு 31.5 டெராபைட், 18 மாதங்களுக்குச் சுமார் 47 டெராபைட்!

எனவே, அன்புத் தோழியரே, பெற்றோரே! வீட்டிலோ கடையிலோ கேமரா பொருத்துபவரிடம், "எத்தனை கேமரா?" என்பதோடு நின்றுவிடாமல், "எத்தனை நாள் காட்சி நிற்கும்? அழிக்கும் நாளை எவ்வாறு அமைத்திருக்கிறீர்கள்?" என்றும் கேட்போம். மாதம் ஒரு முறை பழைய நாளொன்றின் காட்சியைப் போட்டுப் பார்ப்போம். டிஸ்க்கின் அளவும் அதன் அமைப்பும் ஒருங்கே சரியாக இருந்தால்தான், வேண்டிய நாளில் கேமரா சாட்சி சொல்லும்.