ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த சுகர்... வீட்டிலேயே உருவான 'செயற்கைக் கணையம்'!

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், பகலைவிட ராத்திரிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். தூக்கத்தில் சுகர் மளமளவென இறங்கினால் சிலருக்கு விழிப்பே வராது.

அமெரிக்காவின் சியாட்டிலில் வசிக்கும் டேனா லூயிஸுக்கும் அதே பயம். 14 வயதில் வந்த டைப் 1. சுகர் குறைந்தால் அவருடைய சென்சார் அலாரம் அடிக்கும்தான். ஆனால், அந்தச் சத்தம் அவரை எழுப்பப் போதவில்லை. 2013-ல் ஜான் காஸ்டிக் என்ற அப்பா, தன் மகனின் சென்சார் அளவை எங்கிருந்தும் பார்க்கும்படி ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதை வைத்து, ஸ்காட் லைப்ராண்டுடன் சேர்ந்து சத்தமான அலாரம் செய்தார் டேனா. அடுத்து, சுகர் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிக்கவைத்தார். 2014 டிசம்பரில் அந்தக் கணக்கு நேராக இன்சுலின் பம்ப்புக்கே உத்தரவு போட்டது. 2015-ல் 'ஓப்பன் ஏபிஎஸ்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

எப்படி வேலை செய்கிறது? சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் அளவை அனுப்பும். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரோ போனோ, உடலில் இன்னும் எவ்வளவு இன்சுலின் மிச்சமிருக்கிறது, என்ன சாப்பிட்டீர்கள் என்று கணக்குப் போட்டு, பம்ப் சொட்டுச் சொட்டாகத் தரும் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டால் நிறுத்தும். இடையில் தொடர்பு அறுந்தால், கொஞ்ச நேரத்தில் பம்ப் தன் பழைய அளவுக்கே திரும்பிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியிலிருந்து கட்டளை போடும் அளவுக்குப் பாதுகாப்பில் ஓட்டை இருந்த பழைய மெட்ரானிக் பம்ப்புகள்தான் ஆரம்பத்தில் கைகொடுத்தன. கம்பெனிக்கு அது குறை, இவர்களுக்கோ வாசல்!

'விளையாட்டு வேலை' என்று ஒதுக்கவும் முடியாது. நியூசிலாந்தில் 97 பேரிடம் நடந்த 'கிரியேட்' ஆய்வு 2022-ல் வெளியானது. இந்த முறையில் இருந்தவர்களின் சுகர், 70-லிருந்து 180-க்குள் இருந்த நேரம் 61 சதவிகிதத்திலிருந்து 71 சதவிகிதமானது. அதாவது, தினமும் சுமார் இரண்டரை மணி நேரம் கூடுதல் நிம்மதி. ஒப்பீட்டுக் குழுவுக்கோ கொஞ்சம் குறைந்தது.

ஆபத்தும் நிஜம். அனுமதி பெறாத கருவிகளை இணைத்த ஒருவருக்கு இன்சுலின் அளவுக்கு மீறிப் போனதால், 2019-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ எச்சரித்தது. பிறகு 2023-ல் 'டைட்பூல் லூப்' என்ற செயலிக்கு அதே எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதன் வேரும் நோயாளிகள் எழுதிய புரோகிராம்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு டைப் 1 இருந்தால், வீடியோ பார்த்து நாளைக்கே இறங்கிவிடாதீர்கள். இது டாக்டரை உட்காரவைத்துப் பேச வேண்டிய விஷயம். பம்ப்பில் போவது வேகமாக வேலை செய்து, வேகமாகத் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டுமே. தோலுக்குள் இருக்கும் குழாய் மடங்கினால், சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் கீட்டோன் ஏறி ஆபத்தாகிவிடும். எவ்வளவு கெட்டிக்கார புரோகிராமாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் வருஷக்கணக்கில் இதைப் பயன்படுத்துபவர்கள்கூட, பையில் இன்சுலின் பேனாவையும் குளுக்கோஸையும் வைத்துக்கொண்டே கிளம்புகிறார்கள்.