குருவிக்கு முட்டை ஓடு கிடைக்கவில்லை!

முட்டையை உடைத்து ஊற்றியதும் ஓட்டை என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் குப்பைக் கூடைக்குத்தான் போகும். (முட்டை வாங்காத வீட்டார் கோபிக்க வேண்டாம், ரோஜாத் தொட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அம்மாளைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார்.) ஹாலந்து தேசத்தில் ஒரு குருவி இந்த ஓட்டுக்காகக் காட்டை விட்டுப் புறப்பட்டு, மனிதர்கள் உல்லாசமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன இடங்களில் தேடி அலைந்தது என்றால் நம்புவீர்களா?

அந்தக் காட்டுக்கு வெலுவே என்று பெயர். மணற்பாங்கான பூமி. ஓக், பைன், பீச் மரங்கள். நடுநடுவே ஹெதர் என்ற குத்துச்செடி ஆகஸ்டு மாதத்தில் ஊதா நிறக் கம்பளம் விரித்தாற்போல் பூத்துக் கிடக்கும். அங்கே வாழும் சிட்டு, நம் ஊர்ப் பட்டாணிக் குருவிக்கு ஒன்றுவிட்ட சகோதரி முறை ஆகவேண்டும். 1980களில் அதன் கூடுகளைப் பார்வையிட்ட விஞ்ஞானிகள் திடுக்கிட்டார்கள். முட்டை ஓடு காகிதம்போல் மெலிந்து, தொட்டால் நொறுங்கியது. உள்ளிருந்த ஈரம் வற்றிப் பல முட்டைகள் வீணாயின. சமீப வருஷங்களிலோ, கூட்டிலேயே கால் முறிந்து கிடக்கும் குஞ்சுகளையும் கண்டிருக்கிறார்கள்.

ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். குருவிக்கு அது நத்தை ஓட்டிலிருந்து கிடைப்பது. ஆனால் நத்தைகளே அருகிப் போய்விட்டன! பரீட்சைக்காகக் கூடுகளுக்கு அருகில் நத்தை ஓட்டையும் கோழி முட்டை ஓட்டையும் வைத்துப் பார்த்தார்கள். அந்தத் தாய்ப் பறவைகள் நல்ல முட்டை இட்டன. இந்த விவரம் 1994-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியாயிற்று. நத்தைகள் ஏன் குறைந்தன? மண்ணிலிருந்த சுண்ணாம்பு கரைந்து ஓடிவிட்டதுதான் காரணம். கரைத்தது யார்?

வானத்திலிருந்து விழுந்த உரம்!

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு. அந்த உருவத்தில் அது பரம சாது. செடிகொடிகளுக்கு அதனால் பிரயோஜனமில்லை. பயறு வகைகளின் வேரிலுள்ள நுண்கிருமிகளும் வானத்து மின்னலும்தான் ஆதிகாலம் முதல் அதைச் செடிக்கு ஏற்ற உணவாக மாற்றி வந்தன. ஃபிரிட்ஸ் ஹாபர், கார்ல் பாஷ் என்ற இரு ஜெர்மானியர்களின் முறைப்படி 1913-ல் காற்றிலிருந்து அமோனியா தயாரிக்கும் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து உரத்துக்குப் பஞ்சமில்லை. கோடானுகோடி ஜனங்களின் பசி தீர்ந்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் போட்ட உரமெல்லாம் பயிருக்குள் போய்விடுமா? மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அதுதான் அமோனியா. கேரளத்தைவிடச் சற்றே பெரிய ஹாலந்தில் ஏறக்குறைய 40 லட்சம் மாடுகள், 1 கோடிப் பன்றிகள், அவற்றைப்போல் பல மடங்கு கோழிகள். தீவனத்துக்கு சோயா மொச்சை தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அத்தனையின் சாணமும் மூத்திரமும் விடும் நெடி காற்றில் ஏறுகிறது. மோட்டார்களும் தொழிற்சாலைகளும் விடும் நைட்ரஜன் புகையும் அதோடு சேர்கிறது. எல்லாம் காட்டின்மேல் இறங்குகிறது.

ஓசியில் உரம் கிடைத்தால் காட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். முதலில் மரங்கள் மதமதவென்று வளரத்தான் செய்கின்றன. ஆனால் மணற்காட்டுச் செடிகள் ஏழைக் குடும்பத்தைப்போல் கொஞ்சத்தில் காலம் தள்ளப் பழகியவை. விருந்து வந்ததும் புல்லும் காஞ்சொறியும் முள்ளுக்கொடியும் முண்டியடித்து முன்னே வந்து உட்கார்ந்துவிட்டன. ஹெதர் மூச்சுத் திணறிப் போயிற்று. மரத்தின் வேரோடு ஒட்டி வாழ்ந்து, அதற்குத் தண்ணீரும் தாதுச் சத்தும் தேடித் தந்த காளான்கள் குறைந்தன. மண்ணிலுள்ள கிருமிகள் அமோனியாவை மாற்றும்போது உண்டாகும் அமிலம், சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் மழை நீரோடு அனுப்பிவிட்டது. முற்காலத்தில் கந்தகப் புகைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. அது வெகுவாகக் குறைந்துவிட்டது. அமோனியாவும் 1990-க்குப் பிறகு பாதிக்கு மேல் குறைந்ததுதான். இருந்தும் காடு தாங்கக்கூடிய அளவுக்கு அது இன்னும் இறங்கவில்லை.

2019 மே 29-ஆம் தேதி அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், காடுகளைக் காக்காமல் அநுமதிச் சீட்டு வழங்கும் முறை செல்லாது என்று தீர்ப்பளித்தது. வீடு கட்டுவதும் சாலை போடுவதும் ஆயிரக்கணக்கில் நின்று போயின. 2020 மார்ச்சு முதல் பகல் வேளையில் பெருஞ்சாலையில் கார்கள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. மாடுகளைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்ததுமே, 2019 அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகருக்குள் புகுந்துவிட்டார்கள்.

அவர்கள்மேல் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மகா யுத்தத்துக்குப் பிறகு, “பண்ணையைப் பெருக்கு, மாட்டைப் பெருக்கு” என்று தட்டிக்கொடுத்ததே ஸர்க்கார்தான். கடன் வாங்கிக் கொட்டில் கட்டிய குடும்பத்தைப் பார்த்து, இன்றைக்கு மாட்டை விற்றுவிடு என்றால்? 2023 மார்ச்சில் நடந்த மாகாணத் தேர்தலில் விவசாயிகள் கட்சி எல்லாக் கட்சிகளையும் முந்திக்கொண்டது. 2025 ஜனவரியில் ஹேக் நகர நீதிமன்றமோ, 2030 முடிவதற்குள் பாதிக் காடுகளுக்காவது இந்தத் தொல்லையிலிருந்து விமோசனம் வேண்டும் என்று கெடு வைத்தது. பாவம், இரண்டு பக்கமும் இடி!

இதற்கிடையே வெலுவேயில் ஒரு வைத்தியம் நடக்கிறது. சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்டினால், மக்கிக் கிடக்கும் சருகில் பூட்டிவைத்த நைட்ரஜனெல்லாம் விழித்துக்கொண்டு காஞ்சொறி இன்னும் கொழுக்குமாம். ஆகையால் பாறையைப் பொடியாக அரைத்துச் சில இடங்களில் தூவிப் பார்க்கிறார்கள். அது சூரணம்போல் மெள்ள மெள்ளத்தான் வேலை செய்யும். பொடி கரைந்து மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து நத்தைக்கும், நத்தையிலிருந்து குருவியின் முட்டைக்கும் சுண்ணாம்பு போய்ச் சேரப் பல வருஷம் பிடிக்கும்.